280 நாள் கணக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் பெண்ணிடம் செவிலியர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, கடைசியாக மாதவிலக்கு ஆனது என்றைக்கு என்பது. தேதி நினைவில்லை என்றால், பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா, ஆடி பிறந்துவிட்டதா என்று பண்டிகையையும் மாதத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு நாளுக்கு வந்து சேர்வார்கள். அந்த நாள் எல்எம்பி என்ற கட்டத்தில் ஏறும். அதிலிருந்து எண்ணிக் கிடைக்கும் இன்னொரு நாள், பேறு எதிர்பார்க்கும் நாள், இடிடி என்ற கட்டத்தில் ஏறும். பிறகு வீடே இந்த இரண்டாவது தேதியை வைத்துத்தான் நடக்கிறது. வளைகாப்பு எப்போது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு எப்போது அழைத்துப் போவது, வேலையில் விடுப்பு எப்போது எடுப்பது எல்லாம் அதைப் பார்த்தே முடிவாகின்றன. ஆனால் குறித்த அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். கருவின் வயது என்ன, கரு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்றைக்குப் பிறக்கும் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் இரண்டுக்கும் விடை காண்பதில் மருத்துவம் இருநூறு ஆண்டுகளில் வெகுதூரம் வந்துவிட்டது. மூன்றாவதில் பெரிதாக நகரவே இல்லை. மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடைத்ததால்தான் ஒரு கணிப்பு கெடுவாக மாறியது என்பதே இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரியவரும் செய்தி.

பழைய நூல்கள் பெரும்பாலும் ஒரு நாளைச் சொல்லவில்லை. அவை ஒரு காலத்தைச் சொல்லின. ஒன்பதாம் மாதம் பிறந்ததிலிருந்து பத்தாம் மாதம் வரை பேறுகாலம் என்கிறது சரக சம்ஹிதை. சுஸ்ருத சம்ஹிதை இன்னும் தாராளமாக, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மாதங்களில் ஏதாவது ஒன்றில் பிறக்கலாம் என்கிறது. ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம், கணவன் இறந்து பத்து மாதத்துக்குள் பிறந்த குழந்தைக்கு வாரிசுரிமை கொடுத்தது. பதினோராம் மாதத்தில் பிறந்த குழந்தை விஷயம் பேரரசர் ஹாத்ரியன் வரை போனது. அவர் தத்துவ அறிஞர்களையும் மருத்துவர்களையும் கலந்துகொண்டு, அதுவும் இயலக்கூடியதே என்று தீர்ப்புச் சொன்னதாக இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் பதிவு செய்திருக்கிறார். நம் பக்கம், மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைக்கவேண்டிய இடர்களை வரிசையாக அடுக்கிப் பத்தாம் மாதத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்பதற்கு நிலவுக் கணக்கே போதும். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 29.5 நாள். கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்றால் ஒன்பதரை நிலவு மாதம், அதாவது பத்தாம் மாதம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது. ஒன்பது முழு நிலவு மாதங்களோ 266 நாள். இன்று கருத்தரித்த நாளிலிருந்து பேறுவரை மருத்துவப் புத்தகங்கள் சொல்வதும் அதே 266. ஒன்பது மாதம் என்றவர்களும் பத்து மாதம் என்றவர்களும் வெவ்வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

இதனால் பழங்காலத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டியதில்லை. மாதக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு நம்பிக்கை பல தாய்மார்களைக் கலங்க வைத்திருக்கிறது. ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது என்று இன்றும் சில வீடுகளில் சொல்லக் கேட்கலாம். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில் எட்டு மாதக் குழந்தைக்கென்றே தனி ஏடு உண்டு. எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சாரம் தாய்க்கும் சேய்க்கும் இடையே நிலையில்லாமல் போய்வருவதால் அப்போதைய பேறு ஆபத்தானது என்று சரகமும் காரணம் சொல்கிறது. இரண்டு நாகரிகங்கள் ஒரே தவறைச் சொல்லிவைத்தது எப்படி? ஒரு காரணத்தை ஊகிக்கலாம். வயதைச் சரியாக அறிய வழியில்லாதபோது, கல்யாணமாகி ஏழாம் மாதத்தில் பிறந்த கொழுகொழு குழந்தையை ஏழு மாதப் பிள்ளை என்று ஊர் ஏற்றுக்கொண்டுவிடும். உண்மையில் அது நிறைமாதக் குழந்தையாக இருந்திருக்கும். அப்படிச் சில கணக்கில் சேர்ந்தாலே ஏழு மாதத்துக்கு நல்ல பெயர் வந்துவிடும். எட்டு மாதக் குழந்தை ஏழு மாதக் குழந்தையைவிட எல்லா வகையிலும் பிழைக்க அதிக வாய்ப்புள்ளது என்பது இன்று ஐயமில்லாத விஷயம். ஆக, பழைய முறை பிறப்பு நாளை விரித்துச் சொன்னதில் சரியாக இருந்தது, வயதை அறிவதில் தடுமாறியது.

தேதி என்ற ஒன்று உருவாவது பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன ஹெர்மன் பூர்ஹாவ (1668–1738), பெரும்பாலான பெண்கள் மாதவிலக்கு முடிந்த கையோடு கருத்தரிக்கிறார்கள், ஆகவே கடைசி மாதவிலக்குக்குப் பின் ஒரு வாரம் விட்டு ஒன்பது மாதம் எண்ணினால் பேறு நிகழும் என்று எழுதினார். ஹைடல்பெர்கில் பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸ் நேகெலே (1778–1851) இதை எடுத்து, 1830-ல் தாதிகளுக்காக எழுதிய பாடநூலில் எளிய சூத்திரமாக்கினார்: கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் போ, ஏழு நாள் கூட்டு. எழுதப்படிக்க ஓரளவே தெரிந்த தாதியும் விரல்விட்டுச் செய்யக்கூடிய கணக்கு. அது பரவியதற்கு அந்த எளிமையே காரணம். ஆனால் அதன் அடித்தளம் பிழையானது. சினைமுட்டை வெளிப்படுவது மாதவிலக்கு முடிந்தவுடன் அல்ல, அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு என்பதை ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாவுஸும் 1920-களில்தான் நிறுவினார்கள். பூர்ஹாவ கருத்தரிப்பை ஒரு வாரம் முன்னால் தள்ளினார், கருவாசத்தை ஒன்பது நாட்காட்டி மாதம் என்று ஒரு வாரம் நீட்டினார். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, கூட்டுத்தொகை மட்டும் ஓரளவு சரியாக வந்தது. வழி தப்பாக இருந்தும் விடை பொருந்திவிட்டதால், அந்தக் கணக்கை நெடுநாள் யாரும் திறந்து பார்க்கவில்லை.

திறந்து பார்த்தால் ஓட்டைகள் தெரியும். ஜனவரி 10 கடைசி மாதவிலக்கு என்றால் சூத்திரம் தரும் நாள் அக்டோபர் 17, சரியாக 280 நாள். மே 10 என்றால் விடை பிப்ரவரி 17, அது 283 நாள். எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து, பெண்ணின் உடலில் எந்த வேறுபாடும் இல்லாமலே மூன்று நாள் வித்தியாசம் வந்துவிடுகிறது. இதைவிடப் பெரியது ஒன்றுண்டு. மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதா, கடைசி நாளிலிருந்தா என்பதைப் பூர்ஹாவவும் தெளிவாகச் சொல்லவில்லை, நேகெலேயும் தெளிவாகச் சொல்லவில்லை. முதல் நாள் என்ற வழக்கம் பின்னால் வந்த பாடநூல்களில் உறைந்துபோனது. கடைசி நாளிலிருந்து எண்ணியிருந்தால் விடை நாலைந்து நாள் தள்ளிப் போயிருக்கும், பல பெண்களுக்கு அதுவே நெருக்கமாக இருந்திருக்கும். 1990-ல் அமெரிக்காவில் மிட்டெண்டார்ஃபும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சிக்கலில்லாத தலைப்பிரசவம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 288 நாளிலும், முன்பு பெற்றவர்களுக்கு 283 நாளிலும் நடுநிலை அளவாக நிகழ்ந்தது. அது வெள்ளையினப் பெண்களின் சிறு குழு. உலகுக்கெல்லாம் அதைப் பொருத்த முடியாது. ஆனாலும் 280 என்ற எண் கல்லில் செதுக்கியது அல்ல என்பதைக் காட்ட அது போதும். தலைச்சன் தேதி தாண்டித்தான் வரும் என்று பாட்டிகள் சொல்வதற்கும் அதில் ஆதரவு இருக்கிறது.

பிறகு ஏன் அந்த எண் இறுகியது? மருத்துவம் மட்டும் அதற்குக் காரணமல்ல. சொத்தும் சட்டமும் அதைவிட அதிகமாக அதை இறுக்கின. 1804-ன் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் குறைந்தது 180 நாள், மிஞ்சினால் 300 நாள் என்று இரு எல்லைகளை வைத்தது. அங்கேயாவது ஒரு விரிந்த காலம் இருந்தது. இங்கிலாந்தில் 1820-களில் கார்ட்னர் பிரபுப் பட்டத்துக்கான வழக்கு பிரபுக்கள் அவைக்கு வந்தது. கணவர் கப்பலேறி 311 நாள் கழித்துப் பிறந்த பிள்ளை அவருடையதாக இருக்க முடியுமா என்பது கேள்வி. பெயர்பெற்ற மருத்துவர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். சிலர் 280 நாளைத் தாண்டவே தாண்டாது என்றார்கள், வேறு சிலர் தாம் கண்ட நீண்ட கர்ப்பங்களை எடுத்துக்காட்டினார்கள். பிரபுக்கள் அவை கடைசியில் நாள் வரம்பு எதையும் நிர்ணயிக்காமல், குடும்பச் சூழல் பற்றிய மற்றச் சான்றுகளை வைத்தே அந்தப் பிள்ளைக்கு எதிராக முடிவெடுத்தது. ஆனால் நம் நாட்டுக்கு எழுதிய சட்டத்தில் அந்தத் தயக்கம் இல்லை. 1872-ன் இந்தியச் சாட்சியச் சட்டம் 112-ஆம் பிரிவு, திருமண உறவு முடிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கப் பிறந்த குழந்தையை அந்தக் கணவனின் குழந்தையாகவே கொள்ளவேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் அதை 116-ஆம் பிரிவாக அதே 280 நாளோடு தொடர்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மருத்துவரின் 280 மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. சட்டத்தின் 280 கணவன் இறந்த நாளிலிருந்தோ மணமுறிவு நாளிலிருந்தோ எண்ணுவது. கடைசி நாளில் கருத்தரித்திருந்தால்கூட, சட்டக் கணக்கு மருத்துவக் கணக்கில் 42 வாரமாகிறது. இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைப்பதால் விதவைக்கும் அவள் பிள்ளைக்கும் நன்மையே. ஆனால் ஓர் எண் தன் தொடக்கப் புள்ளியை இழந்துவிட்டு, எண்ணாக மட்டுமே நின்று அதிகாரம் செலுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கட்டங்களைப் பற்றிய அறிவு வேறு பாதையில் வளர்ந்தது. அங்கேதான் உண்மையான சாதனை இருக்கிறது. நெடுங்காலம் கர்ப்பத்தை உறுதிசெய்த ஒரே சான்று, வயிற்றில் பிள்ளை அசைவதைத் தாயே உணர்வது. நாலாம் மாதக் கடைசியிலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் வரும் அந்த அசைவுக்கு இங்கிலாந்தில் உயிர் காக்கும் மதிப்பு இருந்தது. மரண தண்டனை பெற்ற பெண் தான் கர்ப்பிணி என்று சொன்னால், அனுபவமுள்ள பெண்கள் கொண்ட குழு அவளைச் சோதித்து, பிள்ளை அசைகிறது என்று சொன்னால் தூக்கு தள்ளிவைக்கப்பட்டது. அந்த நடைமுறை 1931-ல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் பால்டிமோர் நகரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறை சேகரித்த கருக்களைச் சீவிச்சீவி ஆராய்ந்து, முதல் எட்டு வாரத்தை 23 கட்டங்களாக வகுத்தார்கள். அதில் முக்கியமான துணிவு, கருவை நாளால் பிரிக்காமல் உருவான உறுப்பால் பிரித்தது. கை மொட்டு தெரிகிறதா, கண்ணில் நிறம் ஏறிவிட்டதா, விரல்கள் பிரிந்துவிட்டனவா என்று பார்த்துக் கட்டத்தைச் சொன்னார்கள். ஒரே வயதுக் கருக்கள் ஒரே கட்டத்தில் இருந்தே தீரவேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கருத்தரித்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது என்பதும், எட்டு வாரத்துக்குள் பெரும்பாலான உறுப்புகளின் அடிப்படை அமைந்துவிடுகிறது என்பதும் இவ்வகை உழைப்பால் உறுதியானவை. நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் கருவுக்கு இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. கர்ப்பம் என்று உறுதியான பிறகு ஃபோலிக் அமிலம் தொடங்குவதைவிட, அதற்கு முன்பே தொடங்குவது நல்லது என்று சொல்வதன் காரணம் இந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது.

வயதை அறிவதில் பெரும் திருப்பம் கிளாஸ்கோவில் நிகழ்ந்தது. கப்பல் கட்டும் அந்த நகரில் இயான் டொனால்டும், பொறியாளர் டாம் பிரவுனும், ஜான் மக்விகாரும் 1958-ல் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டு, ஒலியலையால் வயிற்றுக்குள் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். அதே நகரில் ஹ்யூ ராபின்சன் 1973-ல் கருவின் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து வயதைச் சொன்னார். இன்றும் ஸ்கேன் அறையில் நடப்பது அதுதான். திரையில் கரு மல்லாந்து நீட்டிக் கிடக்கும் நொடிக்குக் காத்திருந்து, படத்தை நிறுத்தி, தலை உச்சியில் ஒரு சிறு கூட்டல் குறியையும் பின்புறத்தில் இன்னொன்றையும் வைப்பார்கள். இடையில் புள்ளிக்கோடு ஓடும். 54 மில்லிமீட்டர் என்று வந்தால் கடைசி மாதவிலக்குக் கணக்கில் 12 வாரம். இந்தப் பருவத்தில் கரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்கிறது, ஆளுக்கு ஆள் வேறுபாடும் குறைவு. எனவே ஐந்தாறு நாளுக்குள் வயது பிடிபட்டுவிடும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கும், பால் கொடுக்கும் காலத்திலேயே மறுபடி உண்டானவர்களுக்கும், தேதியே நினைவில்லாதவர்களுக்கும் இது பெரிய வரம். 24 வாரத்துக்குள் ஒருமுறையாவது ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்ததற்கு முதன்மையான காரணமும் இந்த வயதுதான். ஏழாம் மாதத்துக்கு மேல் முதல் ஸ்கேன் எடுத்தால் அந்தத் துல்லியம் கிடைக்காது. அப்போது குழந்தைகள் அவரவர் போக்கில் வளரத் தொடங்கிவிடுகின்றன.

அப்படியானால் ஸ்கேன் தரும் தேதியை நம்பலாம்தானே என்று கேட்பார்கள். வயதை நம்பலாம். தேதி வேறு விஷயம். 2013-ல் ஜூகிச்சும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் தெளிவு தருகிறது. அவர்கள் சிறுநீரில் உள்ள ஹார்மோன்களை அளந்து சினைமுட்டை வெளிப்பட்ட நாளையே குறித்துக்கொண்டார்கள். ஆக, கருத்தரிப்பு நாள் பற்றிய ஐயம் அங்கே கிட்டத்தட்ட இல்லை. நடுநிலை அளவு 268 நாள். குறைப்பிரசவங்களை ஒதுக்கிய பிறகும் ஒரு கர்ப்பத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான வேறுபாடு 37 நாள் வரை இருந்தது. தொடக்கம் துல்லியமாகத் தெரிந்தும் முடிவு ஐந்து வாரத்துக்கு மேல் சிதறுகிறது என்றால், சிதறல் கணக்கில் இல்லை, உயிரில் இருக்கிறது. எந்தக் கருவியாலும் அளவைத் திருத்தி அதைப் போக்க முடியாது.

இதைவிடக் கடுமையான மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும். காலம் என்று விரித்துச் சொன்னால் பெண்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள், தேதி தாண்டிய கர்ப்பத்தில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது, ஆகவே ஒரு கெடு வேண்டும் என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி வரவழைப்பதையும் 42 வாரம் வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வில், காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்றப் பிரிவில் ஒன்றுகூட இறக்கவில்லை. அதனால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். அதன் முடிவுகள் 2019-ல் வெளிவந்தன. இந்தச் சான்றை ஒதுக்கிவிட்டு யாரும் பேசக்கூடாது. ஆனால் அது சொல்வது என்ன? 41 வாரம் நிறைந்துவிட்டதா என்பதை உறுதியாக அறிந்திருக்கவேண்டும் என்பதை. அது வயது பற்றிய கேள்வி. 40 வாரம் என்ற நாளில் பிறக்காவிட்டால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வயதை ஆரம்பத்திலேயே சரியாகக் குறித்து, 37-லிருந்து 41 வாரம் வரை இயல்பான காலம், அதற்கு மேல் மருத்துவமனையில் முடிவெடுக்கவேண்டிய காலம் என்று சொன்னால் பாதுகாப்பு எதுவும் குறையாது. தேதிக்கு மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தார் இன்னும் ஆகலையா என்று கேட்கும்போது அந்தப் பெண்ணுக்கு வரும் கலக்கம் வேண்டுமானால் குறையும்.

தேதியைக் கெடுவாகக் கொள்வதில் இன்னொரு பக்க ஆபத்தும் நம்மிடையே உண்டு. நாள் நட்சத்திரம் பார்த்து, தேதிக்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் சிசேரியன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் குறைவல்ல. 37 வாரம் முடிந்துவிட்டது, நிறைமாதம்தானே என்பது அவர்கள் வாதம். 2013-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் இந்த நிறைமாதத்தையே பிரித்தது. 37, 38 வாரங்களை முன்நிறைமாதம் என்றும், 39, 40 வாரங்களை மட்டும் முழு நிறைமாதம் என்றும் வகுத்தது. 37 வாரத்தில் எடுத்த குழந்தைக்கு மூச்சுச் சிரமம் வரும் வாய்ப்பு, 39 வாரம் வரை இருந்த குழந்தையைவிட அதிகம். முதல் ஸ்கேன் தாமதமாக எடுத்ததால் வயதில் இரண்டு வாரம் பிசகியிருந்தால், 37 என்று நம்பி அறுத்தெடுப்பது 35 வாரக் குழந்தையாக இருக்கலாம். மருத்துவக் காரணம் இருந்தால் முன்னதாக எடுக்கத்தான் வேண்டும். இரத்த அழுத்தமோ வளர்ச்சிக் குறைவோ நாள் பார்க்கவிடாது. நல்ல நேரத்துக்காக இரண்டு வாரத்தைக் கழிப்பது அப்படியல்ல, அந்த இரண்டு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் சேரவேண்டிய காலம்.

நாம் பயன்படுத்தும் சூத்திரங்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக் கருக்களை அளந்து செய்தவை என்ற குறையையும் இப்போது கையில் எடுத்திருக்கிறார்கள். குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் அளவுகளைக் கொண்டு, ஃபரீதாபாதில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து கர்பினி-ஜிஏ2 என்ற கணிப்பு முறையை 2024-ல் வெளியிட்டன. இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் கருவின் வயதைச் சொல்ல இந்தியத் தரவிலிருந்து உருவான முதல் மாதிரி அது. இப்போது பரவலாகப் பயன்படும் ஹாட்லாக் சூத்திரத்தின் பிழையை அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைத்தது. முதல் ஸ்கேனுக்கே ஆறாம் மாதம் ஏழாம் மாதத்தில் வந்து சேரும் பெண்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், பிந்திய மாதங்களில் பிழை குறைவது அவர்களுக்கே அதிகம் பயன்படும். அது தருவது வயது. அதை உருவாக்கியவர்களும் அதை வயதென்றே சொல்கிறார்கள்.